கயிற்று முடிச்சைக் கணினிக்கு எப்படிச் சொல்வது?

டச்சு விரிகுடாக் கரையில் வள்ளத்தடியில் இருந்த மாமா ஒருவர் சும்மா ஒரு ஒற்றை முடிச்சுப் போட்டுத் தர, அதன் இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒட்டி வளையமாக்கி, கைபேசியில் படம் எடுத்து, வீட்டில் கணினியில் வரைந்து மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் கேட்டது: “என்ன தம்பி, கயித்த மூணு இடத்துல அறுத்துப் போட்டிருக்கீங்க?”

நியாயமான கேள்விதான். முடிச்சுப் படத்தில் மேலே போகும் இழையை முழுதாக வரைவார்கள், கீழே போகும் இழையை அந்த இடத்தில் கொஞ்சம் விட்டு வரைவார்கள். சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கோடு கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். முடிச்சில் அப்படியில்லை: மாமா போட்டதில் ஒரே ஒரு குறுக்கை, அதாவது இழை இழையைத் தாண்டும் இடத்தை, மேல்கீழாக மாற்றினால் போதும், முழுதும் அவிழ்ந்து வெறும் வளையமாகிவிடும்.

நான் வரைந்தது ஸ்னாப்பை என்ற இலவச மென்பொருளோடு வரும் பிளிங்க் என்ற வரைகருவியில். சொடுக்கச் சொடுக்க நேர்கோடுகள் நீளும், தொடங்கிய புள்ளிக்கே வந்தால் வளையம் பூர்த்தி. கோடுகள் வெட்டும் இடங்களை அதுவே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும். எது மேலே என்பது மட்டும் அதற்குத் தெரியாது, தன் பாட்டுக்கு ஒன்றை வைக்கும்; பிழையென்றால் அந்தக் குறுக்கில் சொடுக்கி மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்தது. கயிற்றின் மேல் ஓர் எறும்பு நடப்பதாக வையுங்கள். குறுக்கு வரும்போதெல்லாம் 1, 2, 3 என்று எண் போடுகிறது. ஒவ்வொரு குறுக்கையும் அது இரண்டு தடவை கடக்கும், ஆகவே மூன்று குறுக்குக்கு ஆறு எண்கள். மாமாவின் முடிச்சில் 1 நிற்கும் இடத்திலேயே 4 வரும், 3 இருக்கும் இடத்தில் 6, 5 இருக்கும் இடத்தில் 2. எப்போதும் ஓர் ஒற்றை எண்ணும் ஓர் இரட்டை எண்ணும்தான் சேரும். ஒரு குறுக்கிலிருந்து கிளம்பி அதே குறுக்குக்குத் திரும்பும் துண்டு ஒரு மூடிய வேலி மாதிரி. மீதிக் கயிறு எத்தனை தடவை உள்ளே நுழைகிறதோ அத்தனை தடவை வெளியேறியும் ஆகவேண்டும், ஆகவே இடையில் எறும்பு போடும் எண்கள் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். அதனால் ஒற்றை எண்களை எழுதவே தேவையில்லை, 1, 3, 5 என்ற வரிசையில் அவற்றின் ஜோடிகளை மட்டும் எழுதி 4 6 2 என்றால் முடிச்சு முழுதும் வந்துவிட்டது. மேல், கீழ் என்று மாறிமாறி வராத முடிச்சென்றால் சில எண்களுக்குக் கழித்தல் குறி சேரும். டௌக்கர்–திசில்த்வெயிட் குறியீடு என்பது இதுதான்.

எண்களிலிருந்து படத்துக்குத் திரும்புவதுதான் தலைவலி, ஏனென்றால் 4 6 2 என்பதில் இடமும் இல்லை, நீளமும் இல்லை. ஸ்னாப்பை கோடுகளைச் செங்கோணத்தில் மடித்து மடித்து வழி கண்டுபிடிக்கிறது, பார்க்க ஊர் ஒழுங்கைகள் மாதிரி இருக்கும். நொட்பிளாட் என்ற இன்னொரு மென்பொருள் வேறு மாதிரி: முப்பரிமாணத்தில் கயிற்றின் துண்டுகளை ஒன்றையொன்று தள்ளவிட்டு, சிக்கல் தானாக விரிந்து அழகாகும்வரை ஓட்டும்.

இந்தக் குறியீட்டில் ஓர் ஓட்டை உண்டு. இடக்கை முடிச்சுக்கும் அதன் கண்ணாடிப் பிம்பமான வலக்கை முடிச்சுக்கும் ஒரே 4 6 2 தான். 1998இல் ஹோஸ்ட், திசில்த்வெயிட், வீக்ஸ் என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 16 குறுக்கு வரையிலான 17 இலட்சத்து 1,936 முடிச்சுகளைப் பட்டியலிட்டபோதும் பிம்பத்தைத் தனியாக எண்ணவில்லை. எண்களை மட்டும் கொடுத்து வரையவைத்த இன்னொரு படத்தை மாமாவிடம் நீட்டினேன். கயிற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நான் போட்டதில்ல, இடக்கைக்காரன் போட்டது” என்றார்.