பிஷப், கண்காணி, ஆயர்: எது சரியான தமிழ்?

பிஷப்புக்கு மூலச்சொல் எபிஸ்கோபோஸ்ங்கிற கிரேக்கச் சொல். எபின்னா மேல, ஸ்கோபோஸ்னா பாக்குறவர், சேர்த்தா மேற்பார்வை பாக்குறவர். டெலஸ்கோப்ல வர்ற ஸ்கோப்பும் இதே வேர்தான். லத்தீன்ல எபிஸ்கோபுஸ் ஆச்சு, பழைய இங்கிலீஷ்ல முன்னாடி இருந்த எ உதிர்ந்து பிஸ்கோப், அப்புறம் பிஷப்.

தமிழ்ல பழைய புராட்டஸ்டன்ட் பைபிள் நேரா கண்காணின்னே போட்டுச்சு, பிலிப்பியர் 1:1 பாருங்க. இலங்கை தேயிலைத் தோட்டத்து கங்காணியும் அதே சொல்தான், அதைக் கேட்டதும் வேலை வாங்குற ஆள்தான் ஞாபகம் வருது, எனக்கு ஒட்டல. கத்தோலிக்கர்கள் முன்னாடி மேற்றிராணியார்னு சொன்னாங்க, அது கேரளாவுல சுரியானி சபைகள் சொல்ற மெத்ரானோட உறவு. அத்தியட்சர் வடமொழி. இப்ப நிலைச்சிருக்கிறது ஆயர். ஆ-ன்னா பசு, முல்லை நிலத்துல மாடு மேய்ச்சவங்க ஆயர். பிஷப் கையில இருக்கிற வளைஞ்ச கோலும் மேய்ப்பன் கோல்தானே.

இந்தச் சொல்லுக்கு முழுசா பொருந்துற ஆளுன்னா நான் ஜான் ஃபிஷரைத்தான் சொல்வேன். 1504ல இங்கிலாந்துல ரோச்செஸ்டர் ஆயர் ஆனாரு, வருமானம் ரொம்பக் கம்மியான சின்ன மறைமாவட்டம் (ஒரு ஆயரோட பொறுப்புல இருக்கிற பகுதி), மத்தவங்க அங்கேருந்து பெரிய இடத்துக்குத் தாவிடுவாங்க, இவர் முப்பது வருஷம் அங்கயே இருந்தாரு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூதரை எதிர்த்து புத்தகமா எழுதினாரு, ஆனா குருமார் ஒழுங்கா பிரசங்கம் பண்ணணும்னு அதே அளவுக்குக் கவலைப்பட்டவர். எட்டாம் ஹென்றி ராஜா தன் மனைவி கேத்தரினைத் தள்ளி வைக்கணும்னு நின்னப்ப 1529ல கோர்ட்லயே அந்த ராணி பக்கம் பேசினாரு. அப்புறம் ராஜாதான் திருச்சபைக்குத் தலைவர்னு வந்துச்சு, மத்த ஆயர்கள் எல்லாம் பணிஞ்சு போனாங்க, இவர் மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்னுட்டாரு. 1534ல லண்டன் டவர்ல அடைச்சாங்க, ஆயர் பதவியையும் பறிச்சாங்க, அடுத்த வருஷம் மே மாசம் போப் மூன்றாம் பவுல் அவரைக் கர்தினால் (போப்புக்கு அடுத்த நிலை) ஆக்கினதும் ராஜாவுக்கு இன்னும் கோவம், 1535 ஜூன் 22ல தலையை வெட்டிட்டாங்க. அப்ப அவருக்கு அறுபத்தஞ்சு வயசு பக்கம், உடம்பும் நலிஞ்சு போயிருந்துச்சு. 1935ல புனிதர் பட்டம் கொடுத்தாங்க.

எழுதுறப்ப ஒரு குழப்பம் வரும். கத்தோலிக்க வழக்குல பிஷப்னா ஆயர், ஆர்ச்பிஷப்னா பேராயர், ஆனா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில பிஷப்பையே பேராயர்னு சொல்றாங்க. வரலாறு எழுதுறவங்க கத்தோலிக்க வழக்கை எடுத்துக்கிட்டா தெளிவா இருக்கும்: ஃபிஷர் ரோச்செஸ்டர் ஆயர், 1533ல ராஜா கேத்தரினோட பண்ண கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்ன கிரான்மர் கேன்டர்பரி பேராயர்.