மேல் அறை 75, கீழ் அறை 56

"ஈசிஜி தாளின் மேல் மூலையில் 56 என்று அச்சாகியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதுதான் அந்த எண். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. கீழே ஓடும் கோட்டைப் பார்க்க வேண்டும்.

கணக்கு சுலபம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி, நிமிடத்துக்கு 300 கட்டம். கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் கூரான இரண்டு ஆர் முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, அதால் 300ஐ வகுத்தால் துடிப்பின் வேகம் கிடைக்கும். ஐந்து கட்டத்தைத் தாண்டினால் 60க்குக் கீழே, அதாவது பிராடிகார்டியா என்கிற மெதுவான துடிப்பு. இடைவெளி சீராக இல்லையென்றால் பத்து நொடிப் பட்டையில் உள்ள முனைகளை எண்ணி ஆறால் பெருக்குங்கள்.

அப்புறம் பி அலை. மேலறைகள் சுருங்குவதற்கான சிறு மேடு அது. ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் 0.12 முதல் 0.20 நொடிக்குள் ஒரு ஆர் முனை தவறாமல் வந்தால், இதயம் மெதுவாகத் துடிக்கிறது, அவ்வளவுதான். ஓட்டப் பயிற்சி, தூக்கம், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை, தைராய்டு குறைவு எனக் காரணம் பல.

ஆனால் அதே 56 வேறு விதமாகவும் வரலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பி மேடுகள் 0.80 நொடிக்கு ஒன்றாக, நிமிடத்துக்கு 75 என்று சீராக வருவதாக வைத்துக்கொள்வோம். முதல் மேட்டுக்கும் அதன் ஆர் முனைக்கும் இடையே 0.20 நொடி. அடுத்ததற்கு 0.30. மூன்றாவதற்கு 0.36. நான்காவது மேட்டுக்குப் பின்னால் முனையே இல்லை! ஐந்தாவதற்கு மறுபடி 0.20. நான்கு மேட்டுக்கு மூன்று முனை: 75இல் 56தான் கீழே போய்ச் சேர்கிறது.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்து மின் சைகையைக் கடத்தும் ஏ.வி. கணுதான் இதற்குக் காரணம். அதன் செல்கள் வேகமான சோடியம் மின்னோட்டத்தை நம்பாமல் மந்தமான கால்சியம் மின்னோட்டத்தால் இயங்குபவை; ஒரு முறை வேலை செய்தபின் மீண்டுவர நேரம் பிடிக்கும். முதல் சைகை தாமதமாகக் கடந்ததால், இரண்டாவது வரும்போது கணுவுக்குக் கிடைத்த ஓய்வு 0.60 நொடிதான். அரைகுறை ஓய்வில் இன்னும் மெதுவாகக் கடத்துகிறது. அதனால் மூன்றாவதற்கு முன் ஓய்வு 0.50, நான்காவதற்கு முன் 0.44. அது போதாது, சைகை செத்துவிடுகிறது. அந்த ஒரு துடிப்பு தவறியதில் கணு முழு ஓய்வு பெற்றுப் புதிதாகத் தொடங்குகிறது. இன்னொரு அழகு: தாமதம் கூடிக்கொண்டே போனாலும், கூடுகிற அளவு குறைகிறது (0.10, பிறகு 0.06). ஆகவே ஆர் முனைகள் நெருங்கி வந்து, பிறகு ஒரு பெரிய இடைவெளி விடுகின்றன. கட்டம் எண்ணத் தெரிந்த யாரும் இதைத் தாளில் பிடித்துவிடலாம்.

டச்சு மருத்துவர் வெங்கெபாக் இதை 1899இல் நாடித்துடிப்பின் வரைவுகளில் கண்டுபிடித்தார். ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவனின் ஈசிஜி அதற்குப் பிறகுதான் வந்தது. துடிப்புகள் இப்படிக் கொத்துக் கொத்தாக வருவதை அதற்கும் முன்பே, 1873இல், இத்தாலிய உடலியல் ஆய்வாளர் லுசியானி தவளை இதயத்தில் பார்த்திருந்தார். தவளைக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன், பெரும்பாலும் எடுபடுவதில்லை.

வெங்கெபாக் வகை பலருக்குத் தூக்கத்தில் வந்துபோகும், பொதுவாகத் தொந்தரவில்லை. பி-ஆர் தூரம் மாறாமலே இருந்து திடீரென்று ஒரு முனை காணாமல் போனால் கதை வேறு. கோளாறு பெரும்பாலும் கணுவுக்குக் கீழே சைகையைக் கீழறைக்குக் கொண்டுபோகும் கம்பித்தடத்தில் இருக்கும். எந்தச் சைகையும் கீழே போகாத முழு அடைப்பில் போய் முடியலாம். முழு அடைப்பில் மேடுகள் தம் போக்கில் 75ஆகவும், முனைகள் தம் போக்கில் 30, 40 என்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடும். அதோடு மயக்கமோ தலைச்சுற்றலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்கருவியான பேஸ்மேக்கர் தேவைப்படலாம். உடலுக்குள் முதன்முதலில் அதைப் பொருத்திக்கொண்டவர் ஸ்வீடனின் ஆர்னே லார்சன். 1958இல் வைத்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு அவர் 2001 வரை வாழ்ந்தார்.