மருந்துக்கு என்ன ‘தொடர்பு’?

ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்த் தாளைச் சித்தி என்னிடம் நீட்டினார். தைராய்டு மாத்திரைக்கான குறிப்பு. மூன்றாவது வரி: ‘மருந்துத் தொடர்புகள் இருப்பின் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.’ “எனக்கு எந்த மருந்துக் கம்பெனியோடயும் தொடர்பு இல்லையேடா, எதுக்குக் கேக்கறாங்க?” என்றார். கேட்டுவிட்டு, காலை மாத்திரையை வழக்கம்போல ஃபில்டர் காபியோடு விழுங்கினார். கூடவே கால்சியம் மாத்திரை ஒன்று.

அந்த வரி சொல்ல வந்ததே அதைத்தான். காபியும் கால்சியமும் தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி நேரமாவது முன்னால். கால்சியத்துக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி. இதற்கு ஆங்கிலத்தில் ‘டிரக் இன்டராக்ஷன்’ என்று பெயர். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ஆகெரே’ என்றால் செய்தல். ஒன்று இன்னொன்றின் வேலையில் கைவைப்பது. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

‘தொடர்பு’ இதில் எங்கே இருக்கிறது? தொடர்பு என்றால் இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதோடு சரி. என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரு செயலியில் இதைவிட மோசம்: ‘போதைப்பொருள் தொடர்புகள்’. ‘டிரக்’ என்றதும் இயந்திரத்துக்குக் கஞ்சா நினைவு வந்துவிட்டது போல. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரை அடுத்து போலீஸ் தேடும்.

‘எதிர்வினை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பென்சிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்தால் அது எதிர்வினை. ஒரு மருந்து, ஒரு உடம்பு. நாம் பேசும் விஷயத்துக்கு மருந்தைத் தவிர இன்னொரு பொருளும் வேண்டும்: வேறு மருந்தோ, பாலோ, மதுவோ.

எனக்கு உண்மையான சண்டை ‘ஊடாட்ட’த்தோடுதான், ஏனென்றால் அது படித்தவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட சொல். ஊடாடுவது என்றால் நடுவே புகுந்து பழகுவது, போவது வருவது. கணினித் திரைக்கும் ஆளுக்கும் நடப்பதை அப்படிச் சொல்லட்டும், பொருந்துகிறது. மருந்துகள் அப்படிப் பழகுவதில்லை. பல சமயம் அவை ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுகிறது. அந்த நொதிகள் கருத்தடை மாத்திரையைச் சீக்கிரமாகச் சிதைத்துவிடுகின்றன. மாத்திரை பலிக்காமல் போகிறது. இதில் யார் யாரோடு ஊடாடினார்கள்? ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து வார்ஃபரின். ‘வார்ஃபரினும் ஆஸ்பிரினும் ஊடாடும்’ என்று எழுதினால் இரண்டும் திண்ணையில் பல்லாங்குழி ஆடுவது போலிருக்கிறது. நடப்பதோ, ரத்தக்கசிவு ஆபத்து கூடுவது. காதில் ‘ஊடல்’ வேறு ஒலித்துத் தொலைக்கிறது.

நம் ஊரில் பழைய சொல் ஒன்று உண்டு: முறிவு. அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்று சித்த மருந்து சாப்பிட்ட வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அருமையான சொல், ஆனால் பாதிதான். பாலோடு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால், டீயோடு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால், முறிவு சரி. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பித்தால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை மட்டுப்படுத்தும், அதுவும் முறிவுதான். (கீரையையே விடச் சொல்லவில்லை, அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.) ஆஸ்பிரின் சேரும்போது நேர்வது முறிவில்லையே, மிஞ்சிப்போவதல்லவா?

‘இடைவினை’ தவறில்லை, ஆனால் இடைச்சொல், வினைச்சொல் என்று இலக்கண வகுப்பு மணக்கிறது. என் ஓட்டு இலங்கைப் பாடநூல்களில் புழங்கும் ‘இடைத்தாக்கம்’ என்பதற்கு. தாக்கம் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நல்ல தமிழ், பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே எழுதும் தமிழ். கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தது என்பதற்காக நாம் புதிதாக ஒன்றைச் செதுக்க உட்கார வேண்டாம்.

அதுவும் புத்தகத்துக்குத்தான். நோயாளி கையில் கொடுக்கும் தாளுக்குப் பெயர்ச்சொல்லே எதற்கு? ‘பாலோடு சேராது’ என்று எழுதினால் போதும். மருந்துக்கடைப் பையன் சித்தியின் மாத்திரை உறையில் ‘காபி அரைமணி கழிச்சு, கால்சியம் ராத்திரி’ என்று பேனாவால் கிறுக்கிக் கொடுத்தான். அன்றோடு பிரச்சினை தீர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. கிரேப்ஃப்ரூட் கதை இதைவிடக் கொடுமை. 1989இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தை மதுவோடு கொடுத்துச் சோதித்தார்கள். மதுவின் சுவையை மறைக்க அந்தப் பழச்சாற்றைக் கலந்தபோது ரத்தத்தில் மருந்தின் அளவு எக்கச்சக்கமாக ஏறியது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சாறு முடக்கிவிட்டது. கிரேப்ஃப்ரூட் எலுமிச்சை இனம். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. பம்பளிமாஸிலும் அதே வகைச் சேர்மங்கள் உண்டு. தமிழில் இதை எப்படி எழுதுகிறார்கள்? ‘திராட்சைப்பழம்’!

எங்கள் தெருவில் கொழுப்பு மாத்திரை சாப்பிடும் பெரியவர் ஒருவர் இப்படி ஒரு குறிப்பைப் படித்து, உயிராக நேசித்த கம்பம் பன்னீர் திராட்சையை இரண்டு வருஷமாக விட்டுவைத்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதுக்கு வம்பு தம்பி, விதையில்லாததை மட்டும் சாப்பிட்டுக்கறேன்” என்றார்.