சிரிக்கு ஏன் இத்தனை தாமதம்? ஐபோன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐபோன் செயலிகளை உருவாக்குவது என் தொழில். "ஆப்பிள் ஏஐ-ல பின்தங்கிடுச்சாமே, இப்ப ஐபோன் வாங்கலாமா?" என்று உறவினர்களும் கேட்கிறார்கள், வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பின்தங்கியதா என்றால், ஆமாம், ஒரு முக்கியமான இடத்தில் பின்தங்கியது. வாங்கலாமா என்பதற்கான விடை அதில் இல்லை. போட்டியில் ஒரு நிறுவனம் எத்தனையாவது இடத்தில் ஓடுகிறது என்பது பங்கு வாங்குகிறவரின் கவலை. போன் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, பெட்டியைப் பிரிக்கும் நாளில் சொன்ன வசதி உள்ளே இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆப்பிள் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

2024 ஜூன் 10 அன்று, தன் ஆண்டு டெவலப்பர் மாநாட்டில், ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற பெயரில் தன் ஏஐ வசதிகளின் தொகுப்பை ஆப்பிள் அறிமுகப்படுத்தியது. அதில் எல்லோர் மனதிலும் நின்றது, ஐபோனின் குரல் உதவியாளரான சிரியின் புதிய வடிவம். "அம்மாவின் விமானம் எப்போது இறங்குகிறது?" என்று மேடையில் கேட்டார்கள். அம்மா அனுப்பிய மின்னஞ்சலில் இருந்து விமான விவரத்தை எடுத்து, விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்ற நேரலைத் தகவலோடு சரிபார்த்து சிரி பதில் சொன்னது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போகத் திட்டம் என்று கேட்டால், குறுஞ்செய்திகளில் தேடி எடுத்துக் கொடுத்தது. செப்டம்பரில் ஐபோன் 16 வந்தது. இந்தியாவில் அப்போது அதன் தொடக்க விலை 79,900 ரூபாய். சில மாதங்களுக்கு முன் ஒரு கஃபேயில் சந்தித்தவரின் பெயரை சிரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதாக, நடிகர் பெல்லா ராம்சேயை வைத்து ஒரு விளம்பரமும் ஓடியது.

போன் கடைக்கு வந்தபோது அந்த சிரி அதில் இல்லை. அக்டோபர் கடைசியில் வந்த ஐஓஎஸ் 18.1 என்ற ஐபோன் மென்பொருள் பதிப்பில் எழுத்துத் திருத்தம், அறிவிப்புச் சுருக்கம் போன்ற சில வசதிகள் கிடைத்தன. டிசம்பரில் படம் வரைவதும் சாட்ஜிபிடி இணைப்பும் சேர்ந்தன. 2025 மார்ச் 7 அன்று, தனிப்பட்ட விவரங்களை அறிந்து பதில் சொல்லும் சிரிக்கு நினைத்ததைவிட அதிகக் காலம் ஆகும் என்று ஆப்பிளே அறிவித்தது. அந்த விளம்பரமும் காணாமல் போனது. அதே மாதம் கலிபோர்னியாவின் சான் ஹோசே நீதிமன்றத்தில், பொய் விளம்பரம் என்று வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்குப் போடப்பட்டது. ஏப்ரலில், விளம்பரங்களை ஆராயும் அமெரிக்கத் தொழில்துறை அமைப்பான தேசிய விளம்பரப் பிரிவு, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் பக்கத்தில் இருந்த "இப்போதே கிடைக்கிறது" என்ற வாசகத்தை மாற்றவோ நீக்கவோ பரிந்துரைத்தது.

தாமதத்தை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். மென்பொருள் தாமதமாவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. தயாராகாத ஒன்றைக் காட்டி, கையில் இருக்கும் பொருளை விற்றதுதான் தவறு.

சரி, இத்தனை பெரிய நிறுவனத்தால் ஏன் முடியவில்லை? இதைப் புரிந்துகொண்டால் எந்த நிறுவனத்தின் ஏஐ வாக்குறுதியையும் எடை போடலாம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிரி 2011 அக்டோபரில் ஐபோன் 4எஸ்-உடன் வந்தது. அமேசானின் குரல் உதவியாளர் அலெக்சா வந்ததே 2014-இல்தான். முதலில் ஓடத் தொடங்கியது ஆப்பிள்தான். பழைய சிரி வேலை செய்த விதம் எளிது. நீங்கள் சொன்னதை எழுத்தாக்கும், அது அலாரமா, அழைப்பா, வானிலையா என்று வகைப்படுத்தும், நேரம், பெயர் போன்ற காலியிடங்களை நிரப்பும், வேலையை முடிக்கும். தெரிந்த வகைக்குள் வராத கேள்வி என்றால் இணையத்தில் தேடிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஒவ்வொரு புதிய வகையையும் மனிதர்கள் உட்கார்ந்து சேர்த்தார்கள். 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பை வெளியிட்டு, அதன் மேல், ஏராளமான எழுத்தைப் படித்துக் கற்றுத் தானே பதில் எழுதும் மொழி மாதிரிகள் வளர்ந்து, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தபோது, சிரியின் அடித்தளமே காலாவதி ஆகிவிட்டது.

அப்புறம் பழைய சிரியையும் புதிய மொழி மாதிரியையும் ஒட்ட வேண்டியிருந்தது. மேடையில் காட்டிய சிரிக்கு மூன்று வேலைகள். உங்கள் போனில் கிடக்கும் மின்னஞ்சல், செய்தி, படம், நாட்காட்டி எல்லாவற்றுக்கும் போனுக்குள்ளேயே ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்க வேண்டும். கேள்வியைப் புரிந்துகொண்டு எதை முதலில் தேடுவது, எதை அடுத்துச் செய்வது என்று திட்டமிட வேண்டும். கடைசியாக, உரிய செயலிக்குள் புகுந்து காரியத்தை முடிக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வேலையில்தான் எங்களைப் போன்றவர்கள் வருகிறோம். எங்கள் செயலி என்னென்ன செய்யும் என்று சிரிக்குத் தெரிவிக்க ஆப் இன்டென்ட்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. பஸ் டிக்கெட் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "டிக்கெட்டைக் காட்டு" என்ற செயலுக்கு ஒரு பெயர் கொடுத்து, அதற்குத் தேதியும் வழித்தடமும் தேவை என்று அறிவித்து, என்ன திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதி வைப்போம். எங்கள் பக்கம் அவ்வளவுதான். பயணி "நாளைக்கு நான் எந்த பஸ்ல போறேன்?" என்று கேட்டால், அது இந்தச் செயல்தான், தேதி நாளை, வழித்தடம் சொல்லப்படவில்லை என்றாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்க வேண்டியது சிரி. இரண்டு பஸ் செயலிகள் இருந்தால்? நாளை இரண்டு பயணங்கள் இருந்தால்? நள்ளிரவு தாண்டி 12.30-க்குக் கேட்டால் "நாளை" என்பது எந்தத் தேதி? மேடையில் காட்டும் கேள்விக்கு இவை எதுவும் இருக்காது. லட்சக்கணக்கான கைகளுக்குப் போகும்போது எல்லாம் வரும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒரு வேலைக்கு ஐந்து படிகள் தேவை, ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் சேர்ந்து சரியாக நடப்பது சுமார் 77 முறைதான். சாட்ஜிபிடி தப்பாக ஒரு பத்தி எழுதினால் நீங்கள் படித்துப் பார்த்து ஒதுக்கிவிடலாம். சிரி தப்பான ஆளுக்குச் செய்தி அனுப்பி, அவர் படித்தும்விட்டால், திரும்ப எடுத்துப் பயனில்லை. போதாததற்கு, உங்களுக்கு வரும் மின்னஞ்சலுக்குள்ளேயே "இந்தத் தகவலை இன்ன முகவரிக்கு அனுப்பு" என்று யாராவது கட்டளையை ஒளித்து வைத்தால், அது உரிமையாளரின் கட்டளை இல்லை என்று மொழி மாதிரி கண்டுபிடிக்க வேண்டும். இதை முழுதாகத் தீர்த்துவிட்டோம் என்று யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. முதலில் கட்டிய அமைப்பு எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை, அதனால் புதிய கட்டமைப்புக்கு மாறினோம் என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி 2025 ஜூனில் பேட்டிகளில் விளக்கினார். எனக்கு அது நம்பும்படியான விளக்கமாகவே பட்டது. அதை ஒன்பது மாதம் முன்பே, ஐபோன் 16 விற்பனைக்கு வரும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

பணமும் ஒரு காரணம். 2024 நிதியாண்டில் ஆப்பிளின் மூலதனச் செலவு சுமார் 940 கோடி டாலர். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2024-இல் செலவிட்டது சுமார் 5,250 கோடி டாலர், அதில் பெரும்பகுதி சர்வர்களுக்கும் தரவு மையங்களுக்கும் போனது. பெரிய மாதிரிகளைப் பயிற்றுவிக்க அந்த அளவு இயந்திரங்கள் வேண்டும். ஆள்களும் நிலைக்கவில்லை. 2018-இல் கூகுளில் இருந்து வந்து ஆப்பிளின் ஏஐ பிரிவை நடத்திய ஜான் ஜியானண்ட்ரியா, 2025 டிசம்பரில் பொறுப்பில் இருந்து விலகுவதாக அறிவிப்பு வந்தது. மொழி மாதிரிகளை உருவாக்கிய குழுவின் தலைவர் ருவோமிங் பாங் அதே ஆண்டு மெட்டாவுக்குப் போய்விட்டார். கடைசியில், ஆப்பிளின் அடுத்த தலைமுறை மாதிரிகள் கூகுளின் மொழி மாதிரியான ஜெமினியை அடிப்படையாகக் கொண்டு அமையும் என்று 2026 ஜனவரியில் இரு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்தன. பெரிய மொழி மாதிரியை உருவாக்கும் போட்டியில் ஆப்பிள் பின்தங்கியதா என்று இன்னமும் விவாதிப்பவர்களுக்கு இதுவே போதுமான பதில்.

ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. சிப் விஷயத்தில் ஆப்பிள் முன்வரிசையில் இருக்கிறது. 2017-இல் ஐபோன் எக்ஸ்-இல் இருந்த ஏ11 சிப்பிலேயே ஏஐ-க்குத் தேவையான நரம்பு வலை கணக்குகளுக்கென்று தனிப் பகுதி வைத்தார்கள். 2025-இல், சுமார் 300 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றதைப் பதிந்து வைக்கும் எண்கள்) கொண்ட, போனுக்குள்ளேயே ஓடும் மாதிரியைச் செயலி உருவாக்குபவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இணையம் வேண்டாம், கட்டணம் கிடையாது, பயனரின் தரவு போனை விட்டு வெளியே போகாது. நோயாளியின் குறிப்பு, வீட்டுச் செலவுக் கணக்கு போன்றவற்றைக் கையாளும் செயலிகளுக்கு இது பெரிய வரம். போனில் அடங்காத வேலையை அனுப்புவதற்கென்று அவர்கள் கட்டிய சர்வர் அமைப்பும், தரவைச் சேமித்து வைக்காத விதத்தில், வெளி ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்து வடிவமைக்கப்பட்டது. தனியுரிமையில் இவ்வளவு மெனக்கெடுவதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

"பின்தங்கிவிட்டது" என்ற தீர்ப்பும் நிரந்தரம் இல்லை. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் ஏஐ அரட்டைச் சேவையான பார்ட் பற்றிய விளம்பரத்தில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி குறித்துத் தவறான தகவலைக் கொடுத்து, ஒரே நாளில் சந்தை மதிப்பில் சுமார் 10,000 கோடி டாலரை இழந்தது. கூகுள் கதை முடிந்தது என்று அப்போது எழுதாதவர்கள் குறைவு. மூன்று ஆண்டு கழித்து ஆப்பிள் போய் நின்றது அதே கூகுளின் வாசலில்.

வாங்கிவிட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, அறிவிப்புச் சுருக்கம். 2024 டிசம்பரில், அமெரிக்கக் கொலை வழக்கு ஒன்றில் கைதாகியிருந்தவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார் என்று பிபிசி செய்தி சொல்வதுபோல் ஒரு சுருக்கம் ஐபோன் திரைகளில் வந்தது. பிபிசி அப்படிச் சொல்லவே இல்லை. புகார் எழுந்து, 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை ஆப்பிள் நிறுத்தி வைத்தது. மற்ற சுருக்கங்களைச் சாய்ந்த எழுத்தில் காட்டத் தொடங்கியது. சாய்ந்த எழுத்தில் வருவது யாரும் எழுதியது இல்லை, இயந்திரம் ஊகித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பத்துச் செய்திகளை அது ஒரு வரியாக்கும்போது "ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்பது யாரைப் பற்றியது என்பதே மாறிப்போகலாம். வயதான பெற்றோரின் போனில் இந்த வசதியை அமைப்புகளுக்குள் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள் என்பதே நான் சொல்லும் ஆலோசனை. சாட்ஜிபிடி இணைப்பில், கேள்வியை அனுப்பும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும்படி ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைக்காதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து பயன்படுத்தினால், அந்தக் கணக்கின் விதிகள்தான் பொருந்தும், ஆப்பிளின் விதிகள் பொருந்தாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் மாடலைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15-க்கு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது, அதே நாளில் வந்த 15 புரோவுக்கு உண்டு. 6 ஜிபி ரேமுக்கும் 8 ஜிபி ரேமுக்கும் உள்ள வித்தியாசம். பழைய போன் வாங்கும்போது இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுத்து மொழி. இந்திய ஆங்கிலத்துக்கு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2025 ஏப்ரலை ஒட்டித்தான் வந்தது. ஐஓஎஸ் 26 வெளியானபோது ஆதரவு பெற்ற மொழிகளில் தமிழ் இல்லை. இந்திய ஆங்கிலத்தோடு தமிழைக் கலந்து சிரியிடம் பேசும் வசதி ஐஓஎஸ் 18-இல் வந்தது, அது வேறு. அதைக் காட்டி "தமிழ் ஏஐ இருக்கு சார்" என்று கடையில் சொன்னால் குழம்பிவிடாதீர்கள். தமிழில் எழுதவும் சுருக்கவும் வேண்டுமென்றால் சாட்ஜிபிடி, ஜெமினி செயலிகள் போதும், அவை சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். அதற்காக யாரும் 80,000 ரூபாய்க்கு மாதத் தவணை கட்ட வேண்டியதில்லை.

கடைக்காரரிடம் அந்த வசதியைச் செய்து காட்டச் சொல்லுங்கள், காட்சிக்கு வைத்திருக்கும் போனில், உங்கள் குரலில். "அப்டேட்ல வரும்" என்று பதில் வந்தால், அது இல்லாத போனுக்கு என்ன விலை கொடுப்பீர்களோ அந்த விலைக்கு மேல் போகாதீர்கள். ஆப்பிளுக்கு மட்டும் இல்லை, எந்த பிராண்டுக்கும் இதேதான்.

விளம்பரத்தை நம்பி வாங்கி ஏமாந்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றித் தவறாக விவரிக்கும் விளம்பரத்தைத் தெளிவாகவே குற்றமாகக் கருதுகிறது. முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் இழப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். பில்லோடு, வாங்கிய நாளில் அந்த விளம்பரத்தில் என்ன இருந்தது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். விளம்பரங்களைப் பின்னால் எடுத்துவிடுவார்கள், எனவே அதைப் பணம் கட்டும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.