ஏக்கருக்கு எவ்வளவு? பற்றை வெட்ட விலை பேசுமுன் சில கணக்குகள்

திருகோணமலையில் உழவு இயந்திரத்தால் பற்றை வெட்டிக் கொடுக்கும் எனக்குத் தொலைபேசியில் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, பற்றை வெட்ட ஏக்கருக்கு எவ்வளவு?" கேட்பவர் உவர்மலையில் இருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். காணி நிலாவெளியிலோ குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ மூதூர்ப் பக்கத்திலோ கிடக்கும். நுளம்பு பெருகுகிறது, துப்புரவாக்குங்கள் என்று அறிவித்தல் வந்திருக்கும். 2007 இன் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் காணியின் சொந்தக்காரரையோ அதில் இருப்பவரையோ பொறுப்பாக்குகிறது. இல்லாவிட்டால் காணியை வாங்க ஒருவர் பார்க்க வருகிறார். எப்படியோ, அவசரம்.

ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு நிம்மதி. ஆனால் காணியைப் பார்க்காமல் ஏக்கர் விலை சொல்கிற ஒப்பந்தக்காரர் ஒன்றில் பயத்தில் கூட்டிச் சொல்கிறார், இல்லையேல் பாதி வேலையில் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போகப்போகிறார். இரண்டாவது வகையினர் விட்டுப்போன காணிகளுக்குத்தான் எனக்கு அதிகம் அழைப்பு வருகிறது. லீசிங்கில் உழவு இயந்திரம் எடுத்துவிட்டு, மாதத் தவணைக்காக எந்த விலைக்கும் தலையாட்டுகிற இளைஞர்களையும் காண்கிறேன். காணிக்காரர், ஒப்பந்தக்காரர் இருதரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஏக்கர் என்பது பரப்பளவு. எனக்குச் செலவாவது நேரம். இரண்டையும் இணைக்கும் கணக்கு கடினமானதல்ல. உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிச் சுழலும் வெட்டுக்கருவியை நாங்கள் ஸ்லாஷர் என்கிறோம். ஐந்தடி அகல ஸ்லாஷர் ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்னைய ஓட்டத்தின் மேல் அரையடி ஏறித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் புல் வரிவரியாக நிற்கும். ஆகவே உண்மையில் வெட்டுப்படுவது நாலரை அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. நாலரையால் பிரித்தால் 9,680 அடி, ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். ஓர் ஏக்கரை வெட்ட மூன்று கிலோமீற்றர் ஓட்ட வேண்டும். பத்து ஏக்கர் என்றால் திருகோணமலை நகரிலிருந்து புறப்பட்டு நிலாவெளியைக் கடந்து குச்சவெளியை நெருங்குகிற தூரம், அதுவும் பற்றைக்குள்ளே.

வெறும் புல்லில் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் போகலாம். ஏக்கருக்கு முப்பத்தைந்து நிமிடம். உண்ணிச்செடியும் சூரைமுள்ளும் பின்னிக் கிடக்கும் காணியில் இரண்டு கிலோமீற்றர் போனாலே அதிகம். அதே ஏக்கர் ஒன்றரை மணித்தியாலத்தை விழுங்கும். இது திரும்புவதற்கும் நின்று துப்புரவாக்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்க்காத கணக்கு. எரிபொருள், சாரதி, தேய்மானம், தவணை எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு 5,000 ரூபா செலவாகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், திரும்பும் நேரத்தையும் நின்று துப்புரவாக்கும் நேரத்தையும் கூட்டியபின், முதல் காணியில் ஏக்கருக்கு 4,000 ரூபாவுக்குள் அடங்கும் செலவு இரண்டாவதில் 10,000 ரூபாவைத் தொட்டுவிடும். இயந்திரமும் ஒன்று, சாரதியும் ஒருவர். "அவருக்கு அந்த விலைக்கு வெட்டினீர்களே" என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

காணியின் வடிவமும் பணம் தின்னும். பத்து ஏக்கர் ஒரே சதுரமாக இருந்தால் பக்கம் 660 அடி, ஏறத்தாழ 147 ஓட்டம். ஒரு திருப்பத்துக்கு இருபது விநாடி என்றால் திரும்புவதற்கு மட்டும் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். அதே பத்து ஏக்கரைப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஏக்கராகப் பிரித்து முட்கம்பி அடைத்துவிட்டால் திருப்பங்கள் 460 ஆகின்றன. இரண்டரை மணித்தியாலம் திரும்புவதிலேயே போகிறது. வேலியோரத்தில் ஸ்லாஷர் நெருங்காத இரண்டு மூன்று அடியைக் கையால் பிடிக்கும் புல் வெட்டும் இயந்திரத்தால் ஆள் வைத்து வெட்ட வேண்டும். அந்தக் கூலி தனி. வேலியோரம் எத்தனை அடி என்பதை ஏக்கர் கணக்கு ஒருபோதும் சொல்லாது.

இனி, என்ன வளர்ந்திருக்கிறது என்பது. நான் கையை அளவாக வைத்துப் பார்க்கிறேன். பெருவிரல் தடிப்புவரை ஸ்லாஷர் சிரமமின்றி வெட்டும். மணிக்கட்டுத் தடிப்பைத் தாண்டிய தண்டுகள் பரவலாக நின்றால் அது மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் வேலை. அதற்கு விலையும் வேறு, அனுமதியும் வேறு. இலுக்கு பார்வைக்கு அடர்த்தி, வெட்டுக்கு இலகு. ஆனால் நிலத்தடிக் கிழங்கிலிருந்து முளைப்பதால் மழை கண்டதும் மறுபடி எழும்பும். கினிப்புல் ஆளுயரம் வளர்ந்து விதை பிடித்திருக்கும்போது வேறு தொல்லை. பறக்கும் பூவும் விதையும் ரேடியேற்றரின் முன்வலையில் படிந்து, கொஞ்ச நேரத்தில் சாக்குத் துணி கட்டியதுபோல் அடைத்துவிடும். வெப்பமானி முள் மெல்ல ஏறுவதைச் சாரதி கவனிக்காவிட்டால் எஞ்சின் தலை போய்விடும். ஆகவே அடிக்கடி நிறுத்தி, மூடியைத் தூக்கி, தும்புத்தடியால் வலையைத் தட்டி எடுக்கிறோம். தூரத்தில் மரநிழலில் இருந்து பார்க்கும் காணிக்காரருக்கு நாங்கள் சும்மா நிற்பதாகத்தான் தெரியும்.

பார்த்தீனியம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். சாரதிக்கு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் வேண்டும். ஒரு செடியில் ஆயிரக்கணக்கான விதைகள். சில்லுச் சேற்றோடு அடுத்தவர் காணிக்குப் போகாமலிருக்க, வெளியேறும்போது இயந்திரத்தைக் கழுவ வேண்டும். அந்த நேரத்துக்கும் நான் காசு கேட்கிறேன்.

பற்றைக்கு மேலே தெரிவதைவிட அடியில் கிடப்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் வளவுகள் நிறைந்த மாவட்டம் இது. வீடு போய்விட்டது, அத்திவாரம் புல்லுக்குள் இருக்கிறது. கட்டு இடிந்த கிணறு, நிலமட்டத்தில் வாய் திறந்தபடி, கொடி மூடிக் கிடக்கும். முட்கம்பிச் சுருள், தென்னங்குற்றி, புற்று. கம்பி ஒருமுறை வெட்டுத்தகட்டில் சுற்றினால் அரை நாள் போயிற்று. பெரிய குற்றியில் தகடு மோதினால் எஞ்சினின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டின் பாதுகாப்பு ஆணி முறிந்து கியர்ப் பெட்டியைக் காப்பாற்றும். அந்த ஆணிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த இரும்பை அடித்து ஓட்டுகிறவர்களின் கியர்ப் பெட்டிதான் கடைசியில் பட்டறையில் கிடக்கிறது.

இதற்கு ஒரு நல்ல வழி, கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்ப்பது. பற்றை மூடுமுன் எடுத்த படத்தில் கிணறும் அத்திவாரமும் பழைய பாதையும் தெரியும். எந்த ஆண்டிலிருந்து காணி கைவிடப்பட்டது என்பதும் தெரிந்துவிடும். அதைக் கொண்டே எல்லையைக் கோடிட்டுப் பரப்பையும் அளக்கலாம். பழைய உறுதிகளில் "ஏறக்குறைய" என்று எழுதிய பரப்புக்கும் நிலத்தில் நிற்கும் வேலிக்கும் இடையே ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வித்தியாசம் அபூர்வமல்ல. யார் அளவை வைத்துக் காசு என்பதை வெட்டுமுன் பேசிக்கொள்ளுங்கள். வெட்டியபின் பேசினால் சண்டை.

படம் பார்த்தாலும் நடந்து பார்க்காமல் இருக்க முடியாது. சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கத்தில் நீண்டகாலம் ஆள் புழங்காதிருந்த காணிகளில் கண்ணிவெடி அகற்றிய பகுதியா என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரிக்காமல் நான் இயந்திரத்தை இறக்குவதில்லை. சந்தேகமான இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அன்றைய வேலை அத்துடன் நிற்கும். நின்ற நாளுக்கு யார் பொறுப்பு என்பதும் விலைப் பேச்சில் சேர வேண்டியது.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கும் காணியில், உறுதி கையிலிருந்தாலும், திணைக்களத்துடன் தீர்க்காமல் கை வைக்காதீர்கள். பிடிபடுவது முதலில் சாரதியும் இயந்திரமும்தான். 1951 இன் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. பூக்கும்வரை வடலி (இளம் பனை) ஆணா பெண்ணா என்று எவருக்கும் தெரியாது. ஆகவே வடலிகளைச் சுற்றித்தான் வெட்டுகிறேன், அதற்கும் நேரம் போகிறது.

காலம் பார்த்து அழையுங்கள். மாரி மழையில் வயல்சார்ந்த காணிகளில் இயந்திரம் புதையும். இழுத்தெடுக்க இன்னோர் இயந்திரம் வர வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் இறுகி வேலை சுகம், ஆனால் தகடு கல்லில் உரசிப் பறக்கும் பொறி காய்ந்த இலுக்கில் விழுந்தால் பக்கத்துக் காணியும் சேர்ந்து எரியும். அந்த மாதங்களில் தண்ணீர்ப் பவுசரோ நிறைந்த பீப்பாய்களோ கூட வர வேண்டும். மழை ஓய்ந்து ஈரம் வற்றிய பெப்ரவரி, மார்ச் எனக்குப் பிடித்த காலம்.

சிலர் ஏக்கரை விட்டுவிட்டு, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீற்றரின் மணிக்கணக்குக்குப் பேசுவார்கள். நேர்மையான முறைதான், ஆனால் எந்த மீற்றர் என்று கேளுங்கள். பழைய உழவு இயந்திரங்களில் அது எஞ்சின் சுற்றைக்கொண்டு ஓடுவது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் மீற்றரும் மெதுவாக ஏறும். புதியவற்றில் எஞ்சின் ஓடினாலே நேரம் ஏறும், சாரதி தேநீர் குடித்தாலும். பற்றை அடர்ந்த முதல் வெட்டுக்கு மணிக்கணக்கும், அடுத்த ஆண்டு புல்லாக மாறியபின் ஏக்கர் கணக்கும் என்பதே நான் சொல்வது. இரண்டாம் வெட்டு எப்போதும் மலிவு. கிணறு எங்கே, குற்றி எங்கே என்று எனக்கும் தெரிந்திருக்கும்.

விலையைத் தாளில் எழுதுங்கள். எத்தனை அங்குல உயரத்தில் வெட்டுவது, வெட்டியதைக் கூட்டி அள்ளுவதா விடுவதா, வேலியோரம் யார் பொறுப்பு, கல் தெறித்து அடுத்த வீட்டுக் கண்ணாடி உடைந்தால் யார் கொடுப்பது. வேர் பிடுங்கி வெறுந்தரையாக்குவது ஸ்லாஷரின் வேலையல்ல என்பதையும் எழுதுங்கள். அதை எதிர்பார்த்துத்தான் வெளிநாட்டிலிருப்பவர் காணொளியைப் பார்த்துக் கோபிக்கிறார். விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். 2021 இன் இறுதியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூனில் 460 ரூபா. அந்த ஆறு மாதத்துக்குள் பழைய விலையில் கட்டுப்பட்டிருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இயந்திரம் வந்துபோகும் செலவு ஓர் ஏக்கருக்கும் இருபது ஏக்கருக்கும் ஒன்றே. ஆகவே சின்னக் காணிக்காரர்கள் பக்கத்துக் காணிக்காரருடன் பேசி ஒரே நாளில் வைத்துக்கொள்வது நல்லது. நிலாவெளிப் பக்கம் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்கும் மேல் குறைக்கச் சொல்பவர்களிடம், விலையை விட்டுவிட்டுப் பரப்பைக் குறைக்கலாம் என்கிறேன். வீதியோரமும் கிணற்றடியும் எல்லைக் கோடும் இந்த ஆண்டு, பின்பக்கத்து முட்காடு அடுத்த ஆண்டு. பிரதேச சபைக்காரர் வந்து பார்ப்பதும் பெரும்பாலும் அந்த முன்பக்கத்தைத்தான்.