விரால் குஞ்சா, வளர்ந்த குறவையா? பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்

மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்து கிடக்கும் மார்கழி, தை மாதங்களில் நெல்லைச் சீமையில் தூண்டில் போடாத ஊரே இருக்காது. மானூர்ப் பெரியகுளமோ, கன்னடியன் கால்வாயோ, சுத்தமல்லி அணைக்கட்டோ, எங்கே உட்கார்ந்தாலும் எல்லோரும் எதிர்பார்ப்பது விராலைத்தான். முக்கால் சாண் நீளத்தில், பாம்புத்தலையோடு ஒன்று மாட்டுகிறது. எடுத்துக்கொள்வதா, திருப்பி விடுவதா?

விரால் இனத்திலேயே குறவை, விரால், அவுரி என்று மூன்று மீன்கள் ஒரே சாயலில் இருக்கும். மாட்டியது குறவை என்றால் முழுதாக வளர்ந்த மீன், தாராளமாக எடுக்கலாம். விரால் என்றால் இன்னும் ஒரு முறைகூட முட்டையிடாத குட்டி. அவுரி என்றால் அதைவிடக் குட்டி. ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது அது. சிலர் பூவிரால் என்பார்கள்.

மீன் வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். நிறத்தை நம்பாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். கலங்கிய செம்மண் தண்ணீரில் கிடந்த விரால் வெளிறி இருக்கும், பாசி மண்டிய குளத்து மீன் கறுத்திருக்கும். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, துடுப்பை மெல்ல விரித்து, அதைத் தாங்கி நிற்கும் குச்சி போன்ற கதிர்களை எண்ணுங்கள். குறவைக்கு 28 முதல் 33 வரை இருக்கும். விராலுக்கு 37க்குக் குறையாது, 46 வரை போகும். அவுரிக்கு 45க்கு மேல். எண்ணப் பொறுமை இல்லையென்றால் செதிலைப் பாருங்கள். செவுளிலிருந்து வால் வரை உடம்பின் பக்கத்தில் ஓடும் பக்கவாட்டுக் கோட்டில் குறவைக்கு நாற்பதுக்குள்தான் செதில்கள், ஒவ்வொன்றும் உடம்புக்குப் பெரிதாகத் தெரியும். விராலுக்கு ஐம்பதுக்கு மேல், அவுரிக்கு அறுபதுக்கு மேல்.

இளம் அவுரியை இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வால் அடியில், மேல்பக்கமாக, ஆரஞ்சு வளையம் போட்ட கறுப்புப் புள்ளி கண் மாதிரி இருக்கும். அதைப் பார்த்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மலையோரத்து ஓடைகளில் பாறைக்குறவை என்று நாலாவது ஒன்றும் உண்டு. மார்புத் துடுப்பில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். ஆனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் எந்த மீனையும் பிடிக்கக் கூடாது, நினைவிருக்கட்டும்.

இந்த அடையாளம் தெரியாததால் பணத்தை இழந்த விவசாயிகளும் உண்டு. பண்ணைக்குட்டைக்கு விரால் குஞ்சு என்று வாங்கி விடுகிறார்கள். குளத்தில் அள்ளி விற்ற அந்தக் குஞ்சில் பாதி குறவையாக இருக்கிறது. நல்ல தீனி கிடைத்தால் விரால் எட்டு, பத்து மாதத்தில் அரைக்கிலோவைத் தாண்டும். குறவை எத்தனை மாதமானாலும் சிறுத்தே நிற்கும். தீனிச் செலவு மட்டும் ஒன்றுதான். அதனால் குஞ்சு வாங்கும்போது வெள்ளைத் தட்டில் பத்து மீனையாவது எடுத்து விட்டு, துடுப்பை விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே மனசு பொறுக்காத விஷயம் வேறு. கரையோரம் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்றாகத் திரண்டு, மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு இறங்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். நெருங்குகிற எதையும் அவை பாய்ந்து கடிக்கும். பசிக்கு அல்ல, விரட்டுவதற்கு. அது தெரிந்தே கூட்டத்துக்கு நடுவில் தூண்டில் முள் வைத்த ரப்பர் தவளையை எறிகிறவர்கள் இப்போது அதிகம். பெற்ற மீன் கரைக்கு வந்த சற்று நேரத்துக்கெல்லாம் கெண்டையும் கெளுத்தியும் நீர்க்காகமும் அந்தக் கூட்டத்தைக் காலி செய்துவிடும். ஒரே எறியில் நூற்றுக்கணக்கான விரால் போயிற்று.

அப்படிக் காவல் நிற்கும் மீன் தெரியாமல் மாட்டிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விராலுக்குக் காற்றையே மூச்சு வாங்கத் தெரியும். உடம்பில் ஈரம் காயாதவரை தாக்குப்பிடிக்கும். முள்ளைப் பக்குவமாகக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விடுங்கள், வேறு கரையில் வேண்டாம். அப்புறம் நீங்கள் நாலு எட்டு தள்ளிப் போய்த் தூண்டில் போடுங்கள்.