காந்தப்புலம் வேகத்தைக் கூட்டாது, பிள்ளைகளே!

பிளஸ் டூ விடைத்தாள்களில் மறுபடியும் அதே தவறு. ஒளியையே முந்தி ஓடும் எலக்ட்ரான்! இனியும் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

கணக்கு சின்னதுதான். நொடிக்கு 2×10⁶ மீட்டர் வேகத்தில் வரும் எலக்ட்ரான், 1 மில்லி டெஸ்லா அளவுள்ள சீரான காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக நுழைகிறது. 1 மைக்ரோ நொடி கழித்து அதன் வேகம் என்ன? மின்னூட்டம், வேகம், புலம் மூன்றையும் பெருக்கி விசை கண்டுபிடிக்கிறார்கள். நிறையால் வகுத்தால் முடுக்கம் 3.5×10¹⁴. இதுவரை சரி. அப்புறம் அதை நேரத்தால் பெருக்கித் தொடக்க வேகத்தோடு கூட்டி, 3.5×10⁸ என்று எழுதிக் கட்டம் கட்டிவிடுகிறார்கள். ஒளியின் வேகமே 3×10⁸தானே! கட்டம் கட்டும் முன் அதையாவது பார்க்க வேண்டாமா?

விடை அதே 2×10⁶தான்.

காந்த விசை எந்த நொடியிலும் துகள் போகும் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கும். செங்குத்தான விசை வேலை செய்யாது. வேலை நடக்காதபோது இயக்க ஆற்றல் எங்கிருந்து கூடும்? கயிற்றில் கட்டிச் சுற்றும் கல்லைக் கயிறு உள்நோக்கி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, அதற்காகக் கல் வேகம் பிடிப்பதில்லை. இங்கும் முடுக்கம் உண்டு, ஆனால் அதன் திசை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நேர்கோட்டு இயக்கச் சமன்பாட்டுக்கு இங்கே வேலையே இல்லை. அந்த எலக்ட்ரான் சுமார் 1.1 சென்டிமீட்டர் ஆரத்தில், அந்த 1 மைக்ரோ நொடிக்குள் கிட்டத்தட்ட 28 சுற்று சுற்றிவிடுகிறது. புலத்தை இரட்டிப்பாக்கினால் ஆரம் பாதியாகும், வேகம் அப்படியே இருக்கும்.

“சைக்ளோட்ரானில் காந்தம்தானே சார் வேகப்படுத்துது?” என்று கேட்பார்கள். இல்லை. துகள்களைச் சுற்றவிட்டு வேகமூட்டும் அந்தக் கருவியில், அரைவட்ட உலோகப் பெட்டிகளின் இடைவெளியில் உள்ள மின்புலம்தான் ஒவ்வொரு முறையும் தள்ளுகிறது. காந்தம் வளைத்துத் திரும்பக் கொண்டுவருவதோடு சரி. நேரத்தோடு மாறும் காந்தப்புலம் என்றால் அது ஒரு மின்புலத்தைத் தூண்டும், அங்கேயும் வேலை செய்வது அந்த மின்புலமே.

முதலில் படம் போடுங்கள். படமில்லாமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள். எலக்ட்ரான் என்றால் விசையின் திசை காணும் இடக்கை விதியில், மின்னோட்டத்தைக் காட்டும் நடுவிரல் அது ஓடும் திசைக்கு எதிராக நீள வேண்டும். காந்தப்புலத்தைக் காஸ் என்ற அலகில் கொடுத்திருந்தால் 10⁴ ஆல் வகுத்து டெஸ்லாவாக்குங்கள். மின்புலம், காந்தப்புலம் இரண்டும் இருந்தால் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள், திசையைப் பாருங்கள்: இதே எலக்ட்ரானுக்கு மீட்டருக்கு 2000 வோல்ட் மின்புலத்தை, காந்த விசைக்கு எதிராகத் தள்ளும்படி வைத்தால் அது வளையாமல் நேராகப் போய்விடும்.

நீட் தேர்வுக்கென்று சூத்திரப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் வேண்டுமென்றே தப்பாகப் போடுங்கள். 3.5×10⁸ வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பிசகியது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.